இடப்பக்கமா, வலப்பக்கமா?

உதிக்கின்ற ஞாயிற்றை நோக்கி நின்றால் முன்னே கிழக்கு, பின்னே மேற்கு, இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. பாடசாலை முற்றத்திலே இரு கைகளையும் நீட்டி நின்று இந்தப் பாடத்தைப் படியாதவர் மிகச் சிலரே. படித்தபின் அதனை மறவாதிருப்பவரும் மிகச் சிலரே. வீடு கட்டுவோர் வாசல் வைக்கும் திக்கைத் தீர்மானிக்கவும், கோயிலுக்குச் செல்வோர் மூர்த்தி எத்திக்கை நோக்கி எழுந்தருளியிருக்கின்றார் என்று அறியவும் அது சிறிது பயன்படுகின்றது. அப்பாடம் தன் முழுப் பயனையும் தரவல்ல இடம் வேறொன்று உண்டு. விமானத்திலே யன்னலோர ஆசனத்தைத் தெரிந்தெடுக்கும் இடமே அது.

விமான நிலையத்திலே பயணி ஒருவர் தம் பொதிகளை நிறுவைக்கு வைத்துவிட்டு நிற்கின்றார். "யன்னலோரமா, நடைபாதையோரமா?" என்று உத்தியோகத்தர் வினவுகின்றார். "யன்னலோரம்" என்கின்றார் பயணி. கேட்டது கிடைத்தது என்ற மகிழ்ச்சியோடு உள்ளே சென்று அமர்கின்றார். விமானம் மேலெழுகின்றது. அவருடைய யன்னலுக்கு வெளியே தெரிவது அகன்ற சிறகு ஒன்றே. அல்லது கண்ணைக் கூசச் செய்யும் வெயில். அல்லது எல்லை காணாத வெறுங் கடல். மறுபக்கத்தில் இருப்பவர்களோ ஒருவருக்கொருவர் கைநீட்டிக் காட்டி எதனையோ கண்டு மகிழ்கின்றனர். பயணி, "கொடுத்து வைக்கவில்லை" என்று தம்மைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடிவிடுகின்றார்.

கொடுத்து வைத்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. யன்னல் வேண்டும் என்று கேட்டவர், எந்தப் பக்கத்து யன்னல் வேண்டும் என்று கேட்டாரல்லர். இக்காலத்தில் விமான நிலையத்துக்குப் புறப்படுமுன்பே, கைத்தொலைபேசியில் ஆசனப் படத்தைப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான சேவைகளில் உண்டு. சில சேவைகள் அதற்கெனத் தனிக் கட்டணமும் அறவிடுகின்றன. காசு கொடுத்துத் தவறான பக்கத்தை வாங்குவதிலும் பார்க்க, இரண்டு நிமிடம் தேசப்படத்தைப் பார்த்தபின் வாங்குவது நன்று.

"ஒரு மணி நேரப் பயணத்தில் எங்கே இருந்தால் என்ன? போய்ச் சேர்வதுதானே முக்கியம்?" என்று சிலர் கேட்கலாம். பேருந்திலே செல்பவன் வீதியைக் காண்கின்றான். புகையிரதத்திலே செல்பவன் ஊர்களின் பின்புறத்தைக் காண்கின்றான். விமானத்திலே செல்பவன் ஒருவனே நாட்டின் உருவத்தைக் காண்கின்றான். ஐந்தாம் வகுப்பிலே பென்சிலால் வரைந்து நீலம் தீட்டிய கரையோரம், கீழே உண்மைக் கரையாக நெளிந்து செல்கின்றது. ஆறு கடலோடு கலக்குமிடத்தில் சேற்று நிறம் பரவுவதும், மழை பெய்த பகுதி பச்சையாகவும் பெய்யாத பகுதி பழுப்பாகவும் கிடப்பதும், ஒரு குளத்தின் வான் மற்றொரு குளத்துக்குச் செல்வதும் ஒரே பார்வையில் விளங்குகின்றன. இக்காட்சி தவறினால், பலருக்கு அது மறுமுறை கிட்டுவதில்லை.

நல்ல யன்னலைத் தெரிவதற்கு நான்கு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவை விமானம் செல்லும் திசை, ஞாயிறு நிற்கும் பக்கம், சிறகு அமைந்த இடம், பயணஞ் செய்யும் பருவம் என்பன.

முதலாவது திசை. கொழும்பிலிருந்து சென்னைக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஏறத்தாழ நேர் வடக்கே, 650 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. வடக்கு நோக்கிச் செல்பவனுக்கு இடக்கைப் பக்கம் மேற்கு. அவ்வழியிலே பார்க்கத்தக்கவற்றுட் பெரும்பாலானவை மேற்கிலேதான் உள்ளன. எனவே இடப்பக்கமே சிறந்தது. ஆசன எழுத்துக்களில் "ஏ" என்பது எப்போதும் இடப்பக்க யன்னலையே குறிக்கும். வரிசையின் கடைசி எழுத்து வலப்பக்க யன்னலைக் குறிக்கும். இடம் வலம் என்பன விமானத்தின் மூக்கை நோக்கி அமர்ந்திருப்பவனுடைய இடமும் வலமும் ஆகும்.

இடப்பக்கத்தவர் காண்பன எவை? முதலில் நீர்கொழும்புக் களப்பு. பின்னர் சிலாபத்தின் தென்னஞ்சோலைகள். அதன்பின் புத்தளக் களப்பும், அதனைக் கடலிலிருந்து பிரித்து நிற்கும் கற்பிட்டிக் குடாநாடும். களப்பின் ஓரத்திலே உப்பளங்கள் கட்டங் கட்டமாகக் கிடக்கும். புறப்பட்டு 25 நிமிடங்கள் வரையில் ஆனதும் மன்னார்த் தீவு தெரியும். அதன் மேற்குமுனையாகிய தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்கு, மணல் திட்டுக்கள் சங்கிலி போலத் தொடர்ந்து செல்லும். இராமர் அணை என்று முன்னோர் கூறியது இதனையே. திட்டுக்களைச் சூழ்ந்த கடல் ஆழமற்றதாகலின், அவ்விடத்து நீர் வெளிர்பச்சையாகத் தோன்றும்.

அந்தச் சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே யன்னலிற் காணும்போது வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருதல் வேண்டும். 1914 ஆம் ஆண்டு முதல், சென்னையிலே புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்புக்கு வந்தார். 1964 டிசெம்பரில் வீசிய புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. அவ்வழியும் அதனோடு ஒழிந்தது. அவர்கள் நெடுநேரம் செலவிட்டுக் கடந்த தூரத்தைத்தான் இன்றைய பயணி, தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் கடந்துவிடுகின்றார். அதனை ஒருமுறை திரும்பியாவது பார்த்தல் அவருக்கு அழகு.

வலப்பக்கத்தவருக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வில்பத்துக் காடும், அதனுள்ளே கண்ணாடித் துண்டுகள் போலக் கிடக்கும் இயற்கை நீர்நிலைகளும், மன்னாரின் கட்டுக்கரைக் குளமும் அவர்களுக்கு உரியன. ஆனால், பாக்குநீரிணையைத் தாண்டியபின் அவர்களுக்கு வங்காள விரிகுடாவைத் தவிர வேறு காட்சி இல்லை. இடப்பக்கத்தவருக்கோ நெடுந்தீவுக்குப் பின் கோடியக்கரை, நாகபட்டினம், காரைக்கால், புதுச்சேரி எனச் சோழமண்டலக் கரை முழுவதும் தொடர்ந்து வரும்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றைக் கூறுதல் வேண்டும். போகும்போது "ஏ" ஆசனம் நன்றாயிருந்தது என்று திரும்பும்போதும் அதே எழுத்தைக் கேட்கின்றனர். திரும்பும்போது விமானம் தெற்கு நோக்கிச் செல்லும். இடக்கைப் பக்கம் கிழக்காகிவிடும். கண்ட கரையை மீண்டும் காண விரும்புபவர் எழுத்தை மாற்றுதல் வேண்டும். காணாத கிழக்கைக் காண விரும்புபவர் மாற்றாதிருக்கலாம். எழுத்தை நம்பாமல் திக்கை நம்புபவருக்கு இம்மயக்கம் இல்லை.

இரண்டாவது ஞாயிறு. ஞாயிறு நிற்கும் பக்கத்து யன்னலிலே கண் கூசும். வளியிலுள்ள தூசியும் நீராவியும் வெண்மையாய்த் திரைபோட்டுத் தரையின் நிறங்களை மங்கச் செய்யும். எதிர்ப்பக்கத்து யன்னலிலே மண் சிவப்பாகவும், வயல் பச்சையாகவும், கடல் நீலமாகவும் உள்ளவாறு தெரியும். எனவே காலைப் பயணத்தில் மேற்குப் பக்கமும், மாலைப் பயணத்தில் கிழக்குப் பக்கமும் தெளிவுடையன. மார்கழி, தை மாதங்களில் ஞாயிறு நாள் முழுவதும் தென்வானிலே செல்லுமாதலால், கிழக்கு மேற்காகப் பயணஞ் செய்வோர்க்கு அக்காலத்தில் வடக்குப் பக்கமே நன்று. தில்லியிலிருந்து காத்மண்டுவுக்குச் செல்வோர் இடப்பக்கத்தை விரும்புவதற்கு இரட்டைக் காரணம் இதுவே. கிழக்கு நோக்கிச் செல்கையில் இடக்கைப் பக்கம் வடக்கு. அங்கேதான் தவளகிரி, அன்னபூர்ணா முதலிய 8,000 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் நிற்கின்றன. பார்ப்பவரின் முதுகுப் பக்கத்திலிருந்து வரும் வெயில் அவற்றின் தென்முகத்தில் நேராகப் படுகின்றது.

எனினும், வெயிற்பக்கத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. வெயில் நீரிற் பட்டுத் தெறிக்கும்போது, காட்டுக்குள்ளே ஒளிந்து கிடந்த சிறு குளங்கள்கூட ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளித் தகடுபோல மின்னி மறையும். வன்னியிலே குளங்கள் எத்துணை நெருக்கமாக உள்ளன என்பதை அறிய இதனிலும் சிறந்த வழி இல்லை. நிழற்பக்கத்தவருக்கும் எதிர்பாராத பரிசு ஒன்று கிட்டும். விமானம் மேகத்துக்கு மேலே செல்லும்போது, அதன் நிழல் மேகத்தின்மீது விழும். அந்நிழலைச் சுற்றிச் செந்நிற விளிம்புடைய வண்ண வளையங்கள் தோன்றும். மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாவது அது. விமானத்தோடு கூடவே ஓடிவரும் அவ்வட்டத்தைக் கண்ட பிள்ளைகள் அதனை எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது சிறகு. பெரும்பாலான ஜெற் விமானங்களில் சிறகு உடலின் கீழ்ப்பாகத்திலே பொருந்தியிருக்கும். நடு வரிசைகளில் இருப்பவர் சிறகையன்றித் தரையைக் காண்பதரிது. சிறகுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தரை தெரியுமாயினும், இயந்திரத்திலிருந்து வரும் வெப்பக் காற்று இடையிலே அசைந்து, அடுப்புக்கு மேலே பார்ப்பதுபோலக் காட்சியைக் கலங்கச் செய்யும். சிறகுக்கு முன்னால் உள்ள வரிசைகளே மிகத் தெளிவானவை. அவை கிடைக்காவிடில், சிறகை நன்கு தாண்டிய கடைசி வரிசைகளை நாடலாம். சில விமானங்களில் யன்னலோரம் எனப்படும் ஆசனத்துக்கு நேரே யன்னல் இன்றி வெறுஞ் சுவரே இருப்பதும் உண்டு. ஆசனப் படத்தை உற்று நோக்குபவர் இந்த ஏமாற்றத்தைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம். ஏ.ரி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களிலோ சிறகு கூரையோடு பொருந்தியிருக்கும். ஆதலின் கீழ்நோக்கிய பார்வைக்குத் தடை குறைவு. விசிறிக்கு அண்மையிலுள்ள ஆசனங்களை விலக்கிப் பின்பக்கத்து ஆசனங்களை எடுத்தால் இரைச்சலும் குறையும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 10,000 மீற்றர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும். கணக்கின்படி இலங்கையின் அகலம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஆயினும், வளியின் மங்கல் காரணமாக அத்தனையும் தெரிவதில்லை. தெரிவனவும் சிறுத்தே தெரியும். வீட்டுக் கூரையும், வயல் வரம்பும், வள்ளமும், கோபுரமும் தெரிவது ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள பதினைந்து இருபது நிமிடங்களிலேதான். எனவே, நடுவழிக் காட்சியை நோக்கி ஆசனத்தைத் தெரிவதிலும் பார்க்க, இறங்கும் ஊரின் காட்சியை நோக்கித் தெரிவதே அறிவுடைமை.

நான்காவது பருவம். முற்பகலில் வானம் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். தரை சூடேறிய பிற்பகலில் மேகங்கள் திரண்டெழும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் மேற்கும் தெற்கும் மூடுண்டு கிடக்க, வடக்கு வெளிவாங்கியிருக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வடக்கும் கிழக்கும் மூடுண்டு கிடக்கும். அம்மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே வடபகுதியை மேலிருந்து காண்பதற்கு ஏற்ற காலம். அப்போது குளங்கள் நிறைந்திருக்கும், வயல்கள் விளைந்திருக்கும்.

இந்த நான்கும் ஒருங்கே பொருந்தும் சிறு பயணம் ஒன்று உண்டு. அது சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் பயணம். 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோன் சேவையின் முதலாவது விமானமாகிய "சீதாதேவி" என்னும் டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. அக்காலத்தில் பலாலி விமான நிலையம் காங்கேசன்துறை என்ற பெயராலேயே வழங்கிற்று. பிற்காலத்தில் போர் அவ்வழியை அடைத்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கிற்று. கொள்ளைநோய் காரணமாக 2020 இல் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

இவ்வழியில் விமானம் ஏறத்தாழ நேர் தெற்கே வருகின்றது. வலக்கைப் பக்கம் மேற்கு. எனவே காவிரி கடலோடு கலக்கும் சமவெளியும், வேதாரணியத்து உப்பளங்களும், கோடியக்கரை முனையும் வலப்பக்கத்தவருக்கே உரியன. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஏறத்தாழ 60 கிலோமீற்றர்க் கடலே உண்டு. ஒரு கரை பின்னே மறைவதற்கும் மறுகரை முன்னே தோன்றுவதற்கும் இடையிலுள்ள நேரம் மிகச் சிறிது.

மறுகரை தோன்றியபின் எந்தப் பக்கம் சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. வடமராட்சியைத் தேடுபவர் இடப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். தொண்டைமானாற்றின் முகத்துவாரம், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்பன கிழக்கே உள்ளன. கீரிமலையையும் காங்கேசன்துறையையும் தீவுப்பகுதியையும் தேடுபவர் வலப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். அழகிய காட்சியைத் தேடுபவருக்கு எப்பக்கமும் ஒன்றுதான். சொந்த ஊரைத் தேடுபவருக்கு ஒரு பக்கமே உண்டு.

அவ்வாறு தேடுவோர் பலர். பலாலியைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஆம் ஆண்டு போரினால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். அவர்களின் நிலங்கள் பின்னர்ப் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. அக்காலத்திற் கடல் கடந்து சென்ற ஒரு மூதாட்டியார், தம் மகளின் மகளோடு இந்த விமானத்தில் வருவதாக வைத்துக்கொள்ளலாம். பேர்த்தி தேசப்படத்தை முன்னரே பார்த்து வலப்பக்கத்து இரு ஆசனங்களை எடுத்திருக்கின்றாள். கரை நெருங்குகின்றது.

"அம்மம்மா, உங்கட வீடு எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்கின்றாள்.

"மேலால பாத்தால் எனக்கென்ன தெரியும், பிள்ளை? பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை. கிணத்தடியில ஒரு பெரிய புளி நிண்டது" என்கின்றார் மூதாட்டியார்.

கோயிலும் ஒழுங்கையும் புளியமரமும் வானத்திலிருந்து எளிதில் தெரிவன அல்ல. ஊரைத் தரையிலே நடந்து அறிந்தவருக்கு மேலிருந்து பார்க்கத் திகைப்பே உண்டாகும். பேர்த்திக்கோ ஊர் தெரியாது, படம் தெரியும். "துறைமுகத்தின்ர கல்லணை தெரியுது, அம்மம்மா. வெளிச்சவீடு தெரியுது. றெயில் பாதை முடியிற இடமும் தெரியுது" என்று அவள் ஒவ்வொன்றாகக் கூறுகின்றாள். "பாதை முடியிற இடமோ? அப்ப அதிலயிருந்து கிழக்காலதான் எங்கட காணி" என்று மூதாட்டியார் யன்னலருகே குனிகின்றார். ஒருத்தியின் நினைவும் மற்றவளின் தேசப்படமும் அங்கே ஒன்று சேர்கின்றன. செம்மண் நிலமும் பனைகளும் சில கணங்கள் தெரிந்து மறைகின்றன. அவற்றுள் எது தம்முடையது என்று அவர் திட்டமாகக் கண்டிராமலும் இருக்கலாம். ஆனால், அந்தத் திக்கைப் பார்த்துவிட்டார். இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

ஆசனம் வாய்ப்பைத் தருமேயன்றி உறுதியைத் தராது. காற்றின் திசைக்கேற்ப விமானம் வேறு வழியாகச் சுற்றி இறங்கலாம், மேகம் மறைக்கலாம், யன்னலோரம் முன்னரே நிரம்பியும் இருக்கலாம். கிடைத்தவர் அதற்குரிய கடமையையும் மறத்தலாகாது. யன்னலோரத்தைப் பெற்றுக்கொண்டு மறைப்பை இழுத்து மூடி உறங்குவது, தண்ணீர்ப் பந்தலின் வாயிலிலே படுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். உறங்க விரும்புபவர் அருகிலுள்ள சிறுபிள்ளைக்கு இடங் கொடுக்கலாம். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டிய முதியோர் நடைபாதையோரத்தை எடுத்து, ஊர் வரும்போது மட்டும் அயலவரிடம் கேட்டு எட்டிப் பார்க்கலாம். ஊரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு இடந்தர மறுப்பவர் அரியர்.

பயணத்துக்கு முதல் நாள் மாலையில் செய்யவேண்டியது சிறிதே. தேசப்படத்தை விரித்துப் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் ஒரு கோட்டால் இணைத்தல் வேண்டும். கோட்டின் இரு பக்கமும் உள்ள ஆறு, களப்பு, தீவு, மலை என்பவற்றை ஒரு தாளிலே வரிசையாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பயணநேரத்தில் ஞாயிறு எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டிலே பிள்ளைகள் இருப்பின் இவ்வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிடலாம். விமானம் போகும் திக்கை நோக்கி அவர்கள் முற்றத்திலே நின்று, இரு கைகளையும் நீட்டி, "இந்தப் பக்கம்" என்று சொல்லிவிடுவார்கள்.